பிள்ளைக்கு முதல் கார்

பெற்றோர்களே, பிள்ளைக்குக் கார் பார்க்கிறபோது விலையை நாலு இடத்தில் விசாரிக்கிறோம்; இன்சூரன்ஸைக் கடைசியில்தான் கேட்கிறோம். அதை முதலிலேயே கேளுங்கள்.

கட்டாயமான மூன்றாம் நபர் பிரீமியத்தை ஓட்டுபவரின் வயதை வைத்துப் போடுவதில்லை, என்ஜின் அளவை வைத்துத்தான் போடுகிறார்கள். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 1000 சி.சி. வரை வருடத்துக்கு 2,094 ரூபாய். அதைத் தாண்டி 1500 வரை 3,416. ஜி.எஸ்.டி. தனி. 796 சி.சி. பழைய ஆல்டோ போதும். கற்றுக்கொள்கிற கைக்குச் சுவரில் உரசினாலும் மனம் பதறாத வண்டிதான் நல்லது.

பழைய வண்டி என்றால் ஆர்.சி.யோடு நிற்காதீர்கள். கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் வராது. விற்றவரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும்; புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

18 வயது ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுத்தால், 2019 திருத்தச் சட்டப்படி வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

பலருக்குத் தெரியாதது இது: பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு மட்டும்தான். வாப்பா பேரில் உள்ள காரை மகன் ஓட்டி, மகனுக்கே ஏதாவது ஆனால் அந்தத் தொகை வராது. மகனுக்கென்று தனி விபத்துக் காப்பு எடுக்க என்ன செலவாகும் என்று பாலிசி போடும்போதே ஏஜெண்டிடம் கேளுங்கள்.