பாவலர் மனையிற் பிறந்த புதின ஆசிரியை

எழுத்துக் குடியிற் பிறந்தார்க்கு எழுத்து எளிதில் கைவரும் என்பர். ஆங்கிலப் புதின ஆசிரியை சார்லட்டு பிராண்டேயின் வாழ்க்கையோ அத்துணை எளிதாக அமையவில்லை.

அவர் 1816 ஏப்பிரல் 21-ஆம் நாள் வட இங்கிலாந்தின் யார்க்சயரில் பிறந்தார். தந்தை பேட்ரிக்கு அயர்லாந்தில் ஏழைக் குடியிற் பிறந்து, கல்வியால் உயர்ந்து ஆயரானவர். 1811-இல் தம் பாடல்களை நூலாக்கியவர். பிரண்டி என்னும் குடிப்பெயரைப் பிராண்டே என மாற்றியவரும் அவரே. தாயார் 1821-இல் மறைந்தார். உறைவிடப் பள்ளியிலிருந்து நோயோடு திரும்பிய தமக்கையர் இருவரும் 1825-இல் மாண்டனர்.

எஞ்சிய மக்கள் நால்வர்க்கும் ஆவொர்த்து ஊரின் ஆயர்மனையே உலகம். 1826-இல் தம்பி பிரான்வெல்லுக்குத் தந்தை மரத்தாலான படைவீரர் பொம்மைகளை வாங்கி வந்தார். பிள்ளைகள் அவற்றுக்குப் பெயரிட்டனர், நாடு வகுத்தனர், அந்நாட்டு வரலாற்றை உள்ளங்கையில் அடங்கும் சிற்றேடுகளில் எறும்புசாரை போன்ற நுண்ணெழுத்தால் எழுதினர். சார்லட்டு புதினக் கலை பயின்ற பள்ளி அதுதான்.

இருபது அகவையில் தம் பாடல்களை அரசவைப் பாவலர் சவுதேக்கு விடுத்தார். ஆற்றல் உண்டென ஒப்பிய அப்பெரியவர், எழுத்து பெண்ணுக்குரிய தொழிலன்று என 1837-இல் மறுமொழி வரைந்தார். பாட்டிற் குறை கண்டிருப்பின் பொறுக்கலாம். பிறப்பிலன்றோ குறை கண்டார்!

1846-இல் சார்லட்டும் தங்கையர் எமிலி, ஆனி இருவரும் தம் பொருள் செலவிட்டுப் பாடல் நூலொன்று வெளியிட்டனர். பெண்ணெழுத்தென்று இகழ்வரே என அஞ்சிக் கர்ரர், எல்லிசு, ஆக்டன் பெல் என்னும் புனைபெயர்களைப் பூண்டனர். ஓராண்டில் விற்றவை இரண்டே படிகள்! சார்லட்டின் முதற்புதினத்தைப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பின. அவர் சோர்ந்தாரில்லை. 1847 அக்தோபரில் 'சேன் அயர்' வெளிவந்தது. தாய்தந்தையற்றவள், அழகில்லாதவள், பிறர் மனையிற் கூலிக்குக் கற்பிப்பவள் ஒருத்தி, செல்வத் தலைவன்முன் தானும் நிகரே என நிமிர்ந்து நிற்கும் கதை அது. நாடே வியந்தது. மகள் நூலெழுதிய செய்தியைத் தந்தையே அதன் பின்னர்தாம் அறிந்தார்.

மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 1848 செப்டம்பரில் தம்பியும், திசம்பரில் எமிலியும், 1849 மே திங்களில் ஆனியும் மறைந்தனர். பாதியில் நின்ற 'சர்லி' புதினத்தைத் தனியறையில் அமர்ந்து முடித்தார் சார்லட்டு. ஆனியின் இரண்டாம் புதினம் மீண்டும் வெளிவருவதை மட்டும் அவர் விரும்பவில்லை. கதைப்பொருளே பிழை என்றார். அது தங்கைக்கு இழைத்த குறையே. 1853-இல் 'வில்லெட்டு' வந்தது.

1854 சூனில் மணம் புரிந்தவர், கருவுற்ற நிலையில் 1855 மார்ச்சு 31-இல் உயிர்நீத்தார். மகளின் வாழ்க்கையை எழுதித் தருமாறு புதின ஆசிரியை காசுகெல் அம்மையாரைத் தந்தையே வேண்டினார். அந்நூல் 1857-இல் வெளிவந்தது. மக்கள் அறுவரையும் இழந்த அம்முதியவர் 1861 வரை அம்மனையிலேயே வாழ்ந்தார்.