கரண்ட் போனாலும் காத்திருக்கும் கோப்பு



2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன; அவை மீளும்வரை அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. அந்த 900 மெகாவாட் நிலையம் புத்தளம் மாவட்டத்துக் கரையிலேதான் நிற்கிறது. அதற்காகப் பக்கத்திலிருக்கும் கற்பிட்டிக்குச் சலுகை ஒன்றும் கிடையாது!

இரண்டு கணினிகளை இணைப்பது பற்றிப் பேச வந்தவன் மின்வெட்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே மாவட்டத்து உடப்பில் ஒரு கொமினிகேஷன் கடை என்று வையுங்கள். பிரிண்டர் பூட்டிய கணினி ஒன்று, தட்டச்சுக்கு மடிக்கணினி ஒன்று, இரண்டிலும் லினக்ஸ். கோப்பு பென் டிரைவில் போய் வருகிறது. எது கடைசியாகத் திருத்திய பிரதி என்பதில் தினமும் சண்டை.

இதற்கு மருந்து 1984இலேயே வந்துவிட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்.எஃப்.எஸ். முறையில், ஒரு கணினியின் கோப்புறை மற்றதில் சொந்தக் கோப்புறைபோலவே திறக்கும். கோப்பு வைத்திருக்கும் கணினியில், அதாவது வழங்கியில், 'எக்ஸ்போர்ட்ஸ்' என்ற கோப்பில் ஒரே வரி: எந்தக் கோப்புறை, யாருக்கு, வாசிக்க மட்டுமா எழுதவுமா. மற்றதில் 'மவுண்ட்' என்ற கட்டளை. அவ்வளவுதான். வழக்கமான அமைப்பில் ஆளை அது பெயரால் அறியாது, பயனர் எண்ணால்தான் அறியும். இரு பக்கமும் எண் ஒன்றாக இல்லாவிட்டால் அனுமதி மறுக்கப்படலாம்.

எனக்குப் பிடித்தது இதன் பொறுமை. பழைய பதிப்புகளில் வழங்கிக் கணினி எதையும் நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு கேள்வியும் தன் விவரத்தைத் தானே சுமந்து வரும். கரண்ட் போய் அது அணைந்தால், பற்றரியில் ஓடும் மடிக்கணினி கேட்டுக்கொண்டே காத்திருக்கும். வழங்கி எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். நான்காம் பதிப்பு நினைவு வைத்துக்கொள்ளும். ஆனாலும் மீண்டு எழுந்ததும் பழைய தொடர்புகளைப் புதுப்பிக்க அவகாசம் கொடுக்கும்.

அப்படிக் காத்திருக்கும்போது திரை உறைந்ததுபோல நிற்பதைப் பார்த்துப் பதறி, சிறிது நேரத்தில் கைவிட்டுவிடும் 'சாஃப்ட்' மவுண்ட் தெரிவுக்கு மாறாதீர்கள். பாதி எழுதிய கோப்பு கெடலாம். வேகத்துக்கு ஆசைப்பட்டு 'எக்ஸ்போர்ட்ஸ்' வரியில் 'ஏசிங்க்' போடவும் வேண்டாம். போட்டால், வழங்கி வன்தட்டில் எழுதுமுன்பே எழுதிவிட்டேன் என்று சொல்லும்; அந்த நொடியில் கரண்ட் போனால் எழுதியது போச்சு. வழங்கிக்கு ரவுட்டரில் நிலையான முகவரி கொடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் திரும்பும்போது முகவரி மாறி, மடிக்கணினி பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டிருக்கும். கடைக்கு வெளியே, இணையத்துக்கு, இதைத் திறக்கவே கூடாது.

ஒரேயொரு யூ.பி.எஸ். வாங்கத்தான் பணம் இருக்கிறதா? கோப்பு இருக்கும் கணினிக்கு வாங்குங்கள். ரவுட்டரையும் அதிலேயே பூட்டிவிடுங்கள்.