பேறுகாலக் காப்பு எங்கே இருக்கிறது?



"மாதந்தோறும் சம்பளத்தில் சொக்சோவுக்குப் பணம் பிடிக்கிறார்களே, பிரசவச் செலவை அங்கே கேட்டு வாங்கலாம்தானே?" என்று எண்ணுவோர் உண்டு. வாங்க முடியாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-இல் தொடங்கப்பட்ட சொக்சோ, வேலையில் நேரும் விபத்துக்கும், தொழிலால் வரும் நோய்க்கும், உழைக்க இயலாமற்போகும் நிலைக்கும் உரியது. பிள்ளைப்பேறு அதில் சேராது.

அப்படியென்றால் தோட்டத்துப் பெண்ணுக்குக் காப்பே இல்லையா? உண்டு. ஒன்று அரசாங்கச் சுகாதார நிலையம். மற்றொன்று தொழிலாளர் சட்டம். இரண்டும் நாம் தேடிப் போனால்தான் கிடைக்கும்.

முதலில் சுகாதார நிலையம். அங்கே குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான். மாதவிலக்குத் தள்ளிப்போனதும் அடையாள அட்டையுடன் சென்று பெயரைப் பதியுங்கள். மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதற்குப் போக வேண்டும்?" என்று சொல்லாதீர்கள். இரத்த அழுத்தம் ஏறுவது பலருக்குத் தெரிவதே இல்லை. அது முற்றினால் வலிப்பு வந்து, தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தாகும். இரத்தசோகை உள்ளவருக்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கு அதிகமானால் உடம்பு தாங்காது. இவ்விரண்டையும் எளிய சோதனையிலேயே கண்டுபிடித்து விடலாம்.

அடுத்தது சட்டம். 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு, தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாயிற்று. அந்நாட்களுக்குச் சம்பளமும் உண்டு. ஆனால், பிரசவத்துக்கு முந்திய 9 மாதத்தில் அந்த முதலாளியிடம் குறைந்தது 90 நாள் வேலையில் இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே 5 பிள்ளைகள் உயிருடன் இருந்தால் விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. குத்தகைக்காரரிடம் வேலை செய்வோர் சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். வேலை செய்ததற்கு அவையே சாட்சி. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்தினால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள்.

தந்தையர்க்கும் ஒரு வார்த்தை. மணமாகி, ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்தவருக்கு, மனைவியின் பிரசவத்துக்காகச் சம்பளத்துடன் 7 நாள் விடுப்பு உண்டு. அந்நாட்களில் செய்ய வேண்டிய ஒரு முக்கியக் காரியம், பிள்ளையின் பிறப்பைப் பதிவது. 60 நாளைக் கடந்தால் அது தாமதப் பதிவாகி, அலைச்சல் மிகும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைப்பது கடினம். பள்ளியிலும் மருத்துவமனையிலும் தொல்லைதான்.

ஆகவே காலத்தோடு பெயரைப் பதியுங்கள், சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.