மழைக்காடும் மன்னார் மணலும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காடு என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது யாது? வானை முட்டும் மரங்கள், அவற்றிலே சுற்றிப் படர்ந்த கொடிகள், நண்பகலிலும் இருள், ஓயாத மழை. பாடப் புத்தகம் வரைந்து காட்டும் காடு அதுதான். ஈழத்தில் அத்தகைய காட்டைக் காண விரும்புவோர் சிங்கராஜ வனத்துக்குச் செல்லலாம். 1988 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. அங்குள்ள மரவகைகளுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை ஈழத்துக்கே உரியவை.

அவ்வனத்துக்கும் நமது மன்னாருக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் முந்நூறு கிலோ மீற்றர் கூட இல்லை. ஆயினும் அங்கே ஆண்டுக்கு 3,500 முதல் 5,000 மில்லி மீற்றர் வரை மழை பெய்கிறது. இங்கே ஏறத்தாழ 1,000 மில்லி மீற்றர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். ஒரே தீவில் இத்துணை வேற்றுமை ஏன்?

சோளகக் காற்றில் ஈரமில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது பொருந்தாது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் சோளகம் இந்து சமுத்திரத்தைக் கடந்து நீராவியைச் சுமந்துகொண்டே வருகிறது. ஆனால் ஈரக்காற்று மழையாவதற்கு அது மேலெழ வேண்டும். மேலெழுந்து குளிர வேண்டும். தென்மேற்கிலே மலைகள் குறுக்கே நின்று அதனை மேலே தள்ளுகின்றன. ஆகவே அங்கு மழை பொழிகிறது. மன்னாரிலோ அக்காற்றை மறிக்க ஒரு குன்றேனும் இல்லை. நமது வீட்டுக் கூரைக்கு மேலால் அது ஓடி, மணலை வாரி இறைத்துவிட்டுப் போய்விடுகிறது. அந்தக் காற்றின் வலிமையைக் கண்டுதான் 2020 ஆம் ஆண்டில் தீவின் தென்கரையிலே முப்பது காற்றாலைகளை நிறுத்தி, 103.5 மெகாவாற் வலுவுடைய மின்நிலையத்தைத் திறந்தார்கள்.

இனி, இவ்வறட்சியில் வளர்வன எவை என்று பார்ப்போம். மழைக்காட்டிலே மரங்களுக்குள் நடக்கும் போட்டி வெளிச்சத்துக்கானது. ஆகவே அவை உயர்ந்து வளர்கின்றன. இலைமேல் விழுந்த நீர் விரைவில் வடிந்தோட, அவற்றிற் பலவற்றின் இலைநுனி நீண்டு கூராக இருக்கும். இங்கே போட்டி தண்ணீருக்கானது. நமது உடைமரத்தைப் பாருங்கள். குடை விரித்தாற்போன்ற தலை, பொடிப்பொடியான இலை, நீண்ட முள். நீரைச் செலவிடாமல் இருப்பதற்கே அது இவ்வுருவம் எடுத்திருக்கிறது. இதே மரத்தைக் கடலுக்கு அப்பால் இராமநாதபுரக் கரையிலும் காணலாம். நம் மரஞ்செடிகளுக்குச் சிங்கராஜ வனத்திலும் பார்க்க இராமேசுவரத்துப் பக்கத்திலேதான் உறவினர் அதிகம்.

திருக்கேதீச்சரத்தின் தலவிருட்சம் வன்னி என்பதை நீங்கள் அறிவீர்கள். வன்னி மிக ஆழத்துக்கு வேரோட்டி நிலத்தடி நீரைத் தேடும் மரம். இராசஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்திலும் செழிப்பது. வறண்ட நாட்டுத் தலத்துக்கு இதனிலும் பொருத்தமான மரம் எது?

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்குமரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பர். கடற்பஞ்சு போன்ற தண்டிலே நீரைச் சேமித்து, கோடையில் இலையுதிர்த்து நிற்பது அதன் வழக்கம். ஊருக்கு வரும் விருந்தினர் இதனருகே நின்று படம் பிடித்துக்கொண்டு, வேறு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகின்றனர். அவர்கள் மிதித்துச் சென்ற மணலிலேயே சாயவேர்ச் செடி இருந்திருக்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் அச்சிறு செடியின் வேரிலிருந்து துணிக்குச் செஞ்சாயம் எடுத்தனர். அவ்வேரைத் தோண்டும் உரிமையை அரசே தன் கையில் வைத்திருந்தது.

பெருநிலப்பரப்புக்குச் சென்றால் பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய மரங்கள் நிறைந்த காடு உண்டு. பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட அநுபவம் இங்குள்ள பெரியோர் பலருக்கும் இருக்கும். அருவி ஆற்று நீரைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பிய முன்னோர், மூன்று மாத மழையை ஆண்டு முழுவதற்குமாகப் பங்கிட்டனர். ஆனால் தீவிலே ஆறில்லை, பெருங்குளமும் இல்லை. அங்கே மக்கள் குடிக்கும் நன்னீர் எங்கிருந்து வருகிறது? இதைத்தான் நான் சிறிது விரித்துரைக்க விரும்புகிறேன்.

மணலில் விழுந்த மழை கீழே இறங்குகிறது. அங்கே ஏற்கெனவே கடல்நீர் ஊறி நிற்கிறது. நன்னீர் உப்பு நீரிலும் இலேசானது. ஆதலால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி தாழ்ந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும்.

அந்த மேல்மட்டத்தைத் தாங்குவது மணல் மேடு. மணல் மேட்டைக் காற்று கொண்டுபோகாமல் காப்பவை இராவணன் மீசையும் அடம்பன் கொடியும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியை நாம் சங்கக் கூட்டங்களில் ஒற்றுமைக்காகச் சொல்லிவருகிறோம். கடற்கரையிலே அது நேரான உண்மை. கணுவுக்குக் கணு வேரூன்றிப் பின்னிக் கிடக்கும் அக்கொடியைப் பிடுங்கிவிட்டால், அடுத்த சோளகத்தில் அவ்விடத்து மணல் வேறிடத்தில் இருக்கும்.

கடலும் நிலமும் கலக்கும் சேற்றிலே கண்டலும் கண்ணாவும் நிற்கின்றன. கண்டல் உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட நாற்றாகச் சேற்றில் விழுகிறது. கண்ணா உப்பை உறிஞ்சி இலைவழியே வெளியேற்றுகிறது. இலையை நாவில் வைத்துப் பார்த்தால் தெரியும். இவற்றின் வேர்களிடையேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. விடத்தல்தீவுப் பகுதி 2016 இல் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்டது. 2024 இல் அதன் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விலக்கும் அறிவித்தல் வெளிவந்தது; அதை எதிர்த்து வழக்கும் எழுந்தது.

தீவின் மணலில் இல்மனைற்று என்னும் கனிமம் உண்டு. அதனை அகழும் முயற்சியையும் மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் எதிர்த்து 2025 இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். மின்சாரம் வேண்டாம் என்பவன் நானல்லேன். ஆனால் இந்நிலத்தை ‘வெறும் பற்றை, தரிசு’ என்று எழுதுவோர், மழைக்காட்டை அளக்கும் கோலைக் கொண்டு மன்னாரை அளக்கிறார்கள். உயரத்தையும் பசுமையையும் பார்த்தால் இங்கு ஒன்றுமில்லைதான். ஒரு செடி எவ்வளவு மணலைப் பிடித்து நிற்கிறது, அம்மணல் எத்தனை கிணறுகளுக்கு நீர் தருகிறது என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

நான் சொன்ன செடிகளிற் பாதியை நம் இளைஞர் பலர் பெயர் சொல்லிக் காட்டமாட்டார்கள். பெரியோர்களுக்கு அவை தெரியும். ஆதலால் அடுத்த மாதம் நமது சங்கம் நடத்தவிருக்கும் கரையோர நடைப்பயணத்துக்கு அவர்களும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இளைஞர்கள் குறிப்புப் புத்தகம் கொண்டுவாருங்கள். காலை ஆறு மணிக்கே புறப்பட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அந்த மணலில் கால் வைக்க முடியாது.