காடு காண் காதையும் நம் முட்காடும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் நடைப்பயணத்தோடு தொடங்குகிறது. உறையூரை நீங்கித் தென்திசை நடக்கும் கோவலன், மாங்காட்டு மறையவனிடம் மதுரைக்கு வழி கேட்கிறான். கொடும்பை நெடுங்குளக் கரையை அடைந்தால் வழி மூன்றாகப் பிரியும் என்கிறான் அவன். வலப்புற வழியில் மரா, ஓமை, உழிஞ்சில், உலர்ந்த மூங்கில், வாடிய மரல், நீருக்கு ஏங்கிக் கூவும் மான் என வரிசையாகச் சொல்லிச் செல்கிறான். நடந்து செல்பவனுக்கு இவையே மைல்கற்கள். முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்ற விளக்கமும் இக்காதையில்தான் வருகிறது. மழை பெய்தால் பாலை மீண்டும் தன் பழைய நிலமாகும் என்பது இதன் உட்பொருள்.

செந்துறையைச் சூழ்ந்த மேட்டு நிலமும் அத்தகையதே. காரையும் சூரையும் வெள்வேலும் ஆவாரையும் அதன் குடிகள். நின்னியூர்ப் பக்கம் மண்ணுக்குள் கடலுயிர்களின் ஓடுகள் கிடக்கின்றன. அங்கே கடல் அலையடித்து ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் வருவாய்க் கணக்கில் இத்தகைய நிலம் தரிசு அல்லது புறம்போக்கு. அப்பெயர் பெற்ற நிலம் எளிதில் கைமாறிவிடும். அரியலூர் வட்டாரத்தில் ஒருபுறம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், மறுபுறம் தைலமரத் தோப்பு, இடையே சீமைக்கருவேல். சிமெண்டு ஆலை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, அதை மறுப்பதற்கில்லை. இழப்பது இன்னதென்று அறிந்துதான் இழக்கிறோமா என்பதே என் வினா.

இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கௌட் என்னும் புதர்மேட்டைப் பெருநிலக்கிழார்கள் வேட்டைக்கென அடைத்து வைத்திருந்தனர். 1932-இல் மான்செஸ்டர்ப் பகுதித் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் அதனுள் நடந்து சென்றனர். சிலர் சிறையும் புகுந்தனர். 1965-இல் 400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பென்னைன் நடைவழி அந்நாட்டில் திறக்கப்பட்டது. அது அந்த மேட்டையும் தொட்டுச் செல்கிறது. கால் படும் நிலத்தைப் பாழ்நிலம் என்று ஒதுக்குவது கடினம்.

பாவலர்களே, நம் கவிதைகளில் முள் வருகிறது. அது காரை முள்ளா, சூரை முள்ளா? ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் இலையைப் பார்க்காமலே சொல்வார். அவருடைய சொற்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர் மந்தையை விற்கும் நாளில் அச்சொற்களும் போய்விடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், செந்துறையிலிருந்து உடையார்பாளையம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் வரை இவ்வட்டம் நடக்கட்டும். வழியிலுள்ள ஊர்தோறும் ஒரு முதியவரை உடன் அழைத்துக்கொள்வோம். செடிக்கும் ஓடைக்கும் மேட்டுக்கும் அவர் சொல்லும் பெயரைக் குறித்துக்கொள்வோம். கவியரங்கம் பிறகு நடக்கட்டும். இருபதாம் ஆண்டு மலரில் அந்தப் பெயர்களின் அகராதி முதற்பக்கம் பெறுமானால், மாங்காட்டு மறையவனைப் போல் வழி சொல்லத்தக்க சிலராவது நம்மிடையே இருப்பர்.