திறைசேரியின் பூட்டும் தீராத நோயும்

(ஒலுவில் கடற்கரையில் கூடிய பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





இக்கூட்டத்துக்கு வருமுன் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். 2008-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கடனுதவியோடு வேலை தொடங்கப்பெற்று, 2013 செப்டம்பரில் திறந்துவைக்கப்பெற்ற துறைமுகம் அது. கப்பல் வரும், வாணிபம் பெருகும், இளைஞர்க்கு வேலை கிடைக்கும் என்றார்கள். வந்தது மணல்! மணல் துறைமுகத்தின் வாயை அடைத்தது. வடக்கே கடல் கரையைத் தின்று தென்னைகளை வீழ்த்தியது. வாயைத் தோண்டுவது யார் பொறுப்பு, கரையைக் காப்பது யார் பொறுப்பு என்று அலுவலகங்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் படகு கரையில் கிடந்தது. படகுக்காரன் வீட்டில் அடுப்பு அணைந்து கிடந்தது.

தோழர்களே, ஆட்சிக்கும் இப்படியொரு வாய் உண்டு. மக்கள் செலுத்திய வரி திறைசேரிக்குள் போகின்ற வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. அது மருந்தாகவும் பாடசாலையாகவும் பாதையாகவும் திரும்பி வருகின்ற வழியைத்தான் கட்சிப் பூசல் என்னும் மணல் அடிக்கடி மூடிவிடுகிறது. அதைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

2018-ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். அக்டோபர் 26-ஆம் நாள் இரவு, பிரதமராயிருந்த ரணில் விக்கிரமசிங்க நீக்கப்பட்டார். மகிந்த ராஜபக்ச பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்தார். நவம்பர் 9-ஆம் நாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். உயர்நீதிமன்றம் அக்கலைப்பைத் தடுத்து நிறுத்தியது. நவம்பர் 29-ஆம் நாள், பிரதமர் அலுவலகத்துக்கு அரச பணத்தைச் செலவிடக்கூடாது என்று பாராளுமன்றம் 123 வாக்குகளால் தீர்மானித்தது. டிசம்பர் 3-ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிரதமரையும் அமைச்சர்களையும் பதவியில் இயங்கவொட்டாது தடை விதித்தது. நாட்டுக்கு அமைச்சரவையே இல்லை! டிசம்பர் 13-ஆம் நாள், கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏழு நீதியரசர்கள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 16-ஆம் நாள் பழைய பிரதமரே மீண்டும் வந்தார். 51 நாட்கள்!

அந்த 51 நாட்களும் 2019-ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் நிறைவேற வேண்டிய நாட்களாகும். ஆண்டு முடியப் பத்து நாள் இருக்கையில் நான்கு மாதங்களுக்கான இடைக்காலக் கணக்கறிக்கை ஒன்றை அவசரமாக நிறைவேற்றினார்கள். முழு வரவுசெலவுத் திட்டம் 2019 மார்ச்சு மாதத்தில்தான் பாராளுமன்றத்துக்கு வந்தது. பூசலிட்டவருள் எவரேனும் ஒருநாள் பட்டினி கிடந்தாரா? எவருடைய மருந்தாவது தவறிற்றா? இல்லை. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளம் நாம்தான்.

இனி 2023-க்கு வருவோம். மார்ச்சு 9-ஆம் நாள் உள்ளூராட்சித் தேர்தல் என்று நாள் குறித்தார்கள். வேட்பாளர்கள் மனுக் கொடுத்தார்கள். பிறகு, திறைசேரியிற் பணமில்லை என்றார்கள். ஒதுக்கிய நிதியைத் தடுத்துவைக்கலாகாது என்று உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டும் தேர்தல் நடைபெறவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்ற தீர்ப்பு 2024 ஆகஸ்டு 22-ஆம் நாள் வந்தது. தேர்தலோ 2025 மே 6-ஆம் நாள்தான் வந்தது. ஈராண்டுக்கு மேலாக, வடிகானும் தெருவிளக்கும் பற்றிக் கேட்பதற்கு நாம் தெரிந்தெடுத்த ஓர் உறுப்பினர் இல்லை.

இவை எல்லாவற்றிலும் பெரிய பூட்டு மாகாண சபையின் பூட்டு. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டம்பரோடு முடிந்தது. அதே ஆண்டில் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் செய்தார்கள். அச்சட்டப்படி வகுத்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் அவர்களே பாராளுமன்றத்திற் தோற்கடித்தார்கள். பழைய முறையும் போயிற்று. புதிய முறையும் வரவில்லை. 2025 முடியும்வரை தேர்தல் நடைபெறவேயில்லை. எந்த ஒரு கட்சியின் மீதும் மட்டும் பழி சொல்ல நாம் வரவில்லை. இக்காலத்தில் ஆண்டவர் பலர். திறவுகோலை எடுத்தவர் ஒருவருமில்லை.

இதற்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், போதனா வைத்தியசாலைகள் போன்றவை நீங்கலாக, ஊர்ப்புற வைத்தியசாலைகளை மாகாணத்தின் கையிற் கொடுத்தது. சபையில்லாத மாகாணத்தை ஆளுநர் ஆளுகிறார். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. வைத்தியர் போதவில்லை, மருந்து வரவில்லை, அம்புலன்ஸ் பழுதாகிக் கிடக்கிறது என்றால் யார் வீட்டு வாசலிற் போய் நிற்பது? நம் வாக்கைக் கேட்டு நாளை நம் வாசலுக்கு வரவேண்டியவன் எவனோ அவனிடந்தான் இன்று நாம் கேள்வி கேட்க இயலும். அப்படியொருவன் இல்லாமற் செய்துவிட்டார்கள்.

2022-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்த ஆண்டு அது. பேராதனைப் போதனா வைத்தியசாலையே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேர்ந்தது. மருந்தில்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுப்பது நாடெங்கும் வழமையாயிற்று. கரைவலை இழுப்பவன் அந்தத் துண்டைக் கையிற் பிடித்துக்கொண்டு பார்மசி வாசலில் நின்று, மூன்று மருந்தில் எதை விடலாம் என்று கேட்ட காட்சியை நாம் கண்டோம். எந்த மருந்தை விடுவதென்று முடிவு செய்வது வைத்தியரின் வேலையா, வறுமையின் வேலையா?

இந்நிலையில்தான், இலவச வைத்தியத்தை அரசு தாங்காது, காப்புறுதியே வழி என்று சிலர் சொல்கிறார்கள். இதனைப் பொறுமையாக ஆராய வேண்டும்.

காப்புறுதி தீய சொல் அன்று. நம் பெண்கள் சீட்டுப் பிடிப்பதைப் போன்றதே அது. பலர் சிறிது சிறிதாகப் போட்டது, முடைப்பட்டவருக்கு உதவுகிறது. அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017-இல் சுரக்ஷா வந்தது. நெருக்கடிக் காலத்தில் இடையில் நின்று, 2024-இல் மீண்டும் தொடங்கியது. ஆனால் கடலுக்குப் போகிறவனுக்கும் வட்டையிற் கூலிக்கு நிற்கிறவனுக்கும் என்ன இருக்கிறது? விவசாயிகளுக்கு 1987-இலும் மீனவர்க்கு 1990-இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. விவசாயிகளின் நிதி வற்றிக் கொடுப்பனவு தடைப்பட்ட காலமும் உண்டு. மாதச் சம்பளம் உள்ளவனிடம் சந்தாவைப் பிடிக்கலாம். கடல் கொந்தளித்தால் கையில் காசில்லாதவனிடம் எதைப் பிடிப்பது?

காப்புறுதியையே முதல் நம்பிக்கையாகக் கொண்ட செல்வ நாட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாட்கள் அரசாங்க அலுவல்கள் முடங்கின. காப்புறுதிச் சந்தாவுக்குக் கொடுத்த மேலதிக மானியத்தை நீடிப்பதா, விடுவதா என்பதே பூசலின் நடு. இலட்சக்கணக்கான ஊழியர் சம்பளமின்றி இருந்தனர். ஏழைகளின் உணவுதவியும் தடுமாறிற்று. முடிவில் அலுவலகங்கள் திறந்தன. மானியமோ நீடிக்கப்படாமலே, ஆண்டு முடிவோடு காலாவதியாயிற்று. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அம்மானியத்தை நம்பியிருந்தவர்கள். சபையின் தயவில் ஆண்டுக்காண்டு தொங்குகிற காப்புறுதி, சபை பிணங்கினால் அறுந்து விழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாடோ அதனினும் வறியது. ஆயினும் 1951-ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமில்லை என்னும் பேற்றைப் பெற்றோம். எழுபதுகளில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை, நீக்கினார்கள். இது நம் பெற்றோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. இருந்தும் இந்நாட்டின் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி, மக்களின் சொந்தப் பணத்திலிருந்தே போகிறது. கூரை ஒழுகுகிறது என்பது மெய். ஒழுகும் கூரையை வேய வேண்டும். குடை விற்பவன் சொற்கேட்டு வீட்டை இடித்தல் ஆகாது.

ஆதலால் நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: மாகாண சபைத் தேர்தல். எம்முறையிலேனும் நடத்துங்கள், நாளைக் குறித்து நடத்துங்கள்.

இரண்டு: வரவுசெலவுத் திட்டம் உரிய நாளில் நிறைவேறாவிடினும் மருந்துக்கும் வைத்தியசாலைக்கும் உரிய பணம் தானாகவே செல்லும்படி சட்டம் செய்யுங்கள். பாராளுமன்றம் கலைக்கப்பட்ட காலத்தில் அரச சேவைகளுக்குப் பணம் விடுவிக்க அரசியலமைப்பின் 150-ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. பாராளுமன்றம் இருந்தும் பிணங்கிக் கிடக்குங் காலத்துக்கு ஏன் ஒரு வழி செய்யலாகாது?

மூன்று: காப்புறுதி வேண்டுமெனின், இலவச வைத்தியத்தின் மேல் அதனைக் கட்டுங்கள், அதன் இடத்திற் கட்டாதீர்கள். கடலோடியும் கூலியாளும் அதில் இருக்க வேண்டும்; வருமானமற்ற மாதத்தின் சந்தாவை அரசு ஏற்க வேண்டும்.

நான்கு: எந்த மருந்து இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொரு வைத்தியசாலையும் மாதந்தோறும் பலகையில் எழுதி வைக்கட்டும். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை.

கடைசியாக, நம்மையும் நாமே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். தேர்தல் வந்தபோது நாம் எதைக் கேட்டோம்? தமிழரா, முஸ்லிமா என்று கேட்டோம். எந்த ஊரான், எந்தக் குடியான் என்று கேட்டோம். வைத்தியசாலைக்கு என்ன செய்வாய் என்று எத்தனை பேர் கேட்டோம்? கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நோயாளர் வரிசையிலே தமிழ்த் தாயும் முஸ்லிம் தாயும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரே மருந்து இல்லையென்று இருவரும் திரும்புகிறார்கள். அந்த வாங்கில் இருக்கிற ஒற்றுமை வாக்குச்சாவடியில் இல்லாதவரை, திறைசேரியின் பூட்டைப் பற்றி எவரும் அஞ்சப்போவதில்லை.

துறைமுகத்தின் வாயை அடைத்த மணலை இயந்திரம் தோண்டும். ஆட்சியின் வாயை அடைத்த மணலைத் தோண்டுவதற்கு நம் வாக்கன்றி வேறு கருவியில்லை. அடுத்த முறை வாசலுக்கு வருகிறவரை நிறுத்தி இந்த நான்கையும் கேளுங்கள். மறுமொழி சொல்லாதவரை வந்த வழியே அனுப்புங்கள். இவ்வளவே நம் விண்ணப்பம்.