பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேட்போம்

(தோட்ட மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத் துண்டு கைக்கு வந்ததும் நாம் முதலில் என்ன பார்க்கிறோம்? இந்த மாதம் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்றுதான். ஒரு பேர் குறைந்தாலும் "செக்ரோலைக் காட்டுங்க ஐயா" என்று கேட்டுவிடுகிறோம். அதில் நமக்கு வெட்கமில்லை.

ஆனால் அடைமழையில் மண் சரிந்து, நாம் போட்ட கோவாவும் லீக்ஸும் கிழங்கும் அடிபட்டுப் போனால்? நிவாரணம் வந்ததாம் என்று கேள்விப்படுகிறோம். யாருக்கு, எவ்வளவு என்று தெரிவதில்லை. "அவங்களுக்கு ஆள் இருக்கு, நமக்கு யார் இருக்கா?" என்று லயத்து வாசலில் பேசிவிட்டுப் படுத்துவிடுகிறோம்.

இந்தியாவில் ராஜஸ்தான் கிராமத்து ஏழைகளும் ஒரு காலம் இப்படித்தான் இருந்தார்கள். மழை பொய்த்தால் அரசாங்கம் பஞ்ச நிவாரண வேலை கொடுக்கும். கூலி மட்டும் குறைவாகவே வரும். கேட்டால், வேலைப் பதிவேடு இரகசியம் என்பார்கள். 1990இல் அவர்கள் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற சங்கமாய்ச் சேர்ந்தார்கள். 1994 டிசம்பரில் ஊர் மக்களைக் கூட்டி, கணக்குகளைச் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பேரில் கூலி எழுதியிருந்தது அப்போதுதான் வெளிச்சமாச்சு. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். அந்த முயற்சி 2005இல் இந்தியா முழுவதற்கும் தகவல் உரிமைச் சட்டமாக வந்தது.

நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்திலோ கமநல சேவை நிலையத்திலோ தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு துண்டு வாங்கி வைத்துக்கொள்வோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேலதிகாரிக்கு மேன்முறையீடு. அங்கும் நடக்காவிட்டால் ஆணைக்குழு.

என்ன கேட்பது? அடுத்தவரின் வங்கி இலக்கம் நமக்கு வேண்டாம். நமது பிரிவில் நிவாரணம் பெற்றவர் யார், பதிந்த சேதம் எவ்வளவு, கொடுத்த தொகை எவ்வளவு, நம்முடைய மனு ஏன் தள்ளப்பட்டது? இவை போதும்.

காணிக்குக் கடதாசி இல்லை என்று பதில் வரலாம். வரட்டும். எழுத்தில் வந்த பதிலை வைத்துக்கொண்டு அடுத்த படி போகலாம். வாசலில் பேசிய பேச்சை வைத்துக்கொண்டு எங்கே போவது?

கேட்பது சண்டையல்ல. செக்ரோலில் பேர் பார்ப்பதைப் போலத்தான் இதுவும். தனியாகக் கேட்கப் பயமென்றால், வாருங்கள், சேர்ந்தே போவோம்.